நெஞ்சில் மூன்று தட்டு

ரஞ்சன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய தங்கை சுகந்தி அக்கா தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் இணையக் களத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில், அவர் வீட்டில், அவருடைய கணினியை யாரும் அணைத்திருக்கவில்லை. "இல்லையக்கா, ஆள் இஞ்சதான் நிக்கிறார்" என்றேன்.

களத்து உறவுகளே, உங்களுக்கு அவர் 'இரண்டாமாள்' என்ற பெயரில் எழுதியவர். மொன்ட்ரியாலில் கலியாணமும் செத்தவீடும் படம் பிடித்த வீடியோக்காரர். வலிப்பு வரும்போது தன் உடம்புக்கு இடப்பக்கம், இரண்டடி தள்ளி நின்று தன்னையே பார்ப்பதாக அவர் எழுதிய பதிவை இருபது தடவையாவது வாசித்திருப்பேன். பேய் என்றவர்களுக்கு அவர் எழுதிய பதில் நினைவிருக்கிறதா? "கண் ஒண்டு சொல்லுது, தோல் ஒண்டு சொல்லுது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை இன்னொண்டு சொல்லுது. மூண்டையும் கூட்டித்தான் மூளை 'நீ இஞ்ச' எண்டுது. எனக்குக் கூட்டல் பிழைக்குது, அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வரச் சொன்னார். கமராவை எனக்குப் பின்னால் நிறுத்தி, அதன் படம் ஓடும் சின்னத் திரையைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். திரையில் என் முதுகு. பெயின்ட் பிரஷால் என் முதுகைத் தடவத் தடவ, உரசல் எனக்கு முன்னால் தெரிந்த முதுகுக்குப் போய்விட்டது. பிறகு கண்ணைக் கட்டிப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுபோய், "நிண்ட இடத்தில போய் நில்லு" என்றார். போனேன். அந்த முதுகு தெரிந்த பக்கமாக ஒரு சாண் தாண்டி நின்றிருந்தேன்.

"டேய், உடம்பை விட்டிட்டு எங்கையடா போறாய்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும் சொன்னார்: "உனக்கு ஒரு சாண். எனக்கு ரெண்டடி. ஒருநாள் திரும்பி வரத் தெரியாட்டி? எனக்கு வலிப்பு வந்தா நெஞ்சில மூண்டு தரம் தட்டு. அப்பதான் எந்த ஆள் நான் எண்டு பிடிபடும்."

ஒரு கலியாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரம், கமராவுக்குப் பின்னால் அப்படியே உறைந்து நின்றார். ஓடிப்போய்த் தட்டினேன். "வந்திட்டன்" என்றார். "நீ தட்டினது அங்கயும் கேட்டது."

அவர் இறந்த சனிக்கிழமை அவரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. களத்தில் அவரைப் பேய் பிடித்தவர் என்று எழுதிய ஒருவனோடு, அவருக்காகவே, பகல் முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வந்தபோது அவர் தனியே இருந்தார்.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் போய், யாரிடமும் கேட்காமல், அவர் நெஞ்சில் மூன்று தரம் தட்டினேன். மன்னாரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு அனுப்பவென்று ஒருவர் பின்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அனுப்புமுன் சுகந்தி அக்கா அதைப் போட்டுக் காட்டினார். திரையில் என் முதுகு. கை உயர்ந்தது. முதல் தட்டு, பார்த்துக்கொண்டிருந்த என் நெஞ்சில் விழுந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது.

"என்னடா, நெஞ்சைப் பிடிக்கிறாய்?"

"ஒண்டுமில்லையக்கா. கூட்டல் பிழை."

அந்தப் பிழைதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதைத் திருத்த மாட்டேன். யாராவது தட்டினால் அங்கேயும் கேட்கும்.