உள்ளங்கையால் காட்டிய வலி

கோசுமேல் தீவில் பந்தய நாளன்று, கடலில் நீந்திக் கரையேறுகிறவர்கள் வெறுங்காலோடு சைக்கிளை நோக்கி ஓட வேண்டும். அந்த வழியில் கிடக்கும் சிப்பித் துண்டுகளை விடிவதற்கு முன்பே ஒருவர் கூட்டி அள்ளிவிடுவார். யாரும் கேட்டதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஒருமுறை சீக்கிரம் வந்த பந்தயக்காரி ஹெனோவேவா மட்டும் பார்த்துவிட்டாள்.

அவர் நிகானோர் உய்காப், சுளுக்கெடுப்பவர். மீனவர்களின் தோளைப் பிடித்துவிட்ட கை, பிறகு நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் பந்தயக்காரர்களின் கால்களுக்குப் பழகியது. வருகிறவர்களிடம் முதலில், "எங்க வலிக்குது, காட்டு" என்பார். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் சதை; நீவுவார். ஒற்றை விரலை வைத்தால் எலும்பு, தொடவே மாட்டார்.

"டாக்டர்கிட்ட ஓடு. என்கிட்ட எண்ணெய்தான் இருக்கு, சிமென்ட் இல்ல!"

அந்த வருடம் ஹெனோவேவாவின் கணைக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். அவளோ, அம்மா பிழைத்தால் பந்தயப் பதக்கத்தைக் கோயிலில் இருக்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் காலடியில் வைப்பதாக ஊரறிய நேர்ந்திருந்தாள். அம்மா பிழைத்துவிட்டாள். பந்தயத்துக்கு மூன்றே நாள். நிகானோரிடம் போய், உள்ளங்கையால் காலைத் தடவிக் காட்டினாள்.

"சதைதானே?"

"சதைதான் பெரியவரே."

"நேர்ச்சை வேற இருக்குல்ல?"

"ஆமா."

அவர் கட்டைவிரலால் கணைக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு நீவினார். அவள் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

பந்தயத்தில், ஓட்டத்தின் முப்பதாவது கிலோமீட்டரில் எலும்பு முறிந்தது. "கிழவன் நீவியே கெடுத்துட்டான்" என்றது ஊர். அவள் வாய் திறக்கவில்லை. அதன்பின் அவரிடம் யாரும் காலை நீட்டவில்லை. ஞாயிறு பூசையில் அவர் முன்வரிசையில் இருப்பார். அவள் தூணுக்குப் பின்னால். மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாதென்று, நற்கருணை அப்பம் வாங்க அவள் எழுந்ததே இல்லை.

மறுவருடம் அவர் அக்கரையில் வயதோலித் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். படகுத்துறைக்கு அவள் நொண்டிக்கொண்டே ஓடி, அவர் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவரே, விரிசல்னு டாக்டர் முன்னமே சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சேன்."

"தெரியும் மகளே. உன் கை பொய் சொல்லுச்சு. என் கட்டைவிரலுக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. நேர்ச்சைதானே, சம்மனசு பாத்துக்குவாருன்னு பொறுப்பை அவர் தலையில கட்டிட்டேன். நான் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. நீயும் பண்ணிடு."

படகு சங்கு ஊதியது. பையை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை பந்தயம். சிப்பி நிறைய ஒதுங்கிக் கெடக்கு. தொடப்பத்தை வீட்டுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன்."