நெறி கட்டினால் புண்ணைத் தேடு

பதினொன்றாம் வகுப்பில் நிணநீர் மண்டலம் நடத்திய வாரம், வீட்டில் யார் கழுத்தும் எனக்குத் தப்பவில்லை. காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில் என்று விரல் நுனியால் உருட்டிப் பார்ப்பேன். அம்மா கையைத் தட்டிவிடுவாள். சித்தப்பா மட்டும் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டுவார்.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்கி இன்னா பாடம்?"

"நிணநீர்."

"பொணநீரா? காலங்காத்தால நல்ல வார்த்த சொல்ற."

நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் உடம்பில் தேங்காமல் மெல்லிய குழாய்களில் சேர்கிறது, வழியில் முடிச்சுகளில் வடிகட்டப்படுகிறது, கழுத்தடியில் மறுபடி ரத்தத்தில் கலக்கிறது. இதற்கென்று தனி இதயம் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்கித் தள்ளும், அசைகிற கால் தள்ளும், இழுக்கிற மூச்சு மேலே ஏற்றும்.

"அப்ப நான் தறி மிதிச்சாலும் ஏறுமா?"

"ஏறும் சித்தப்பா."

"கேட்டீங்களா அண்ணி? ரெண்டு தறி ஓட்டிகினு கீறேன். ஒண்ணுலதான் பொடவ வருது."

அவருடைய சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்போதுதான் என் விரல் காறையெலும்புக்கு மேலே நின்றது. புளியங்கொட்டை அளவில் ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று.

"வலிக்குதா?"

"வலிச்சா சொல்ல மாட்டனா?"

"நெறி கட்டியிருக்கும்," என்றாள் அம்மா. "புண்ணு எங்க கீதுன்னு பாரு."

எங்கள் பக்கம் அப்படித்தான். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், தலையில் பேன் புண் வந்தால் கழுத்தில். நெறிக்கு வைத்தியம் கிடையாது. புண்ணைக் கண்டுபிடித்து ஆற்றினால் நெறி தானே கரைந்துவிடும். என் புத்தகமும் ஏறக்குறைய இதையே சொன்னதில் எனக்கு ஒரே குஷி.

தேடினோம். காதோரம் சவரக் கத்தி பட்ட கீறல் கிடைத்தது. அம்மா மஞ்சள் குழைத்துப் போட்டாள். கீறல் ஆறியது, நெறி போகவில்லை. அடுத்து ஒரு சொத்தைப் பல் அகப்பட்டது, அதையும் பிடுங்கினார்கள். தேடினால் எந்த உடம்பிலும் ஏதாவது ஒரு புண் கிடைத்துவிடும்.

பாவுக்குள் குறுக்கே நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டையில் நூல் தீர்ந்து புதுசு மாட்டும்போது, சித்தப்பா அதன் துளையில் வாயை வைத்து நூல் முனையை ஒரே இழுப்பில் வெளியே எடுப்பார். சர்ரென்று ஒரு சத்தம் வரும். அது இரண்டு இழுப்பாயிற்று. பிறகு தறி நிற்கிற நேரம் நீண்டது. தறி நின்றால் அவர் மூச்சு மட்டும் கேட்கும், கதவிடுக்கில் நுழைகிற காற்றைப் போல. சாயங்காலமானால் காய்ச்சல். அப்பா அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நுரையீரலின் மேல்பக்கத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளை. டி.பி. மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடிகிற காற்றுப்பைகளில்தான் ரத்தம் காற்றை வாங்குகிறது. கிருமி அங்கே குடியேறி, நிணநீர் வழியாகக் கழுத்துவரை வந்திருந்தது. நாடாவிலிருந்து வந்ததா என்று கேட்டேன். காற்றில் வந்திருக்கும் என்றார். மாத்திரையை நடுவில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார்.

ஆக, புண் இருக்கத்தான் செய்தது, நெஞ்சுக்குள்.

மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. "உள்ள எவனோ சாயம் போட்டுகினு கீறான்," என்று சிரித்தார். காய்ச்சல் விட்டது. கன்னம் தேறியது. ஒருநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

"வா டாக்டரம்மா, தேடு."

தேடினேன். எதுவும் தட்டுப்படவில்லை.

"நெறி பூட்ச்சா?"

"போச்சு."

"அப்ப புண்ணு ஆறிச்சு. இன்னும் எதுக்கு மாத்திர? ஒரே வாந்தி, பேஜாரு."

"ஆறு மாசம்னு சொன்னாங்களே சித்தப்பா!"

"அவரு படத்துல பாத்தாரு. நீ கையால பாத்துட்ட."

அம்மாவும் தலையாட்டினாள். நெறி கரைந்தால் புண் ஆறியது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கத்தினேன், அழுதேன், மாத்திரையைச் சோற்றில் வைத்துக்கூடப் பார்த்தேன். கண்டுபிடித்து எடுத்துப் போட்டார்.

மறு வருஷம் திரும்ப வந்தது. இந்த முறை கழுத்துக்கு ஏறவே இல்லை. நெறி இல்லை, அதனால் யாரும் புண்ணைத் தேடவில்லை. வெறும் இருமல்தானே என்றார்கள். ரத்தம் துப்பிய பிறகு மறுபடி வேலூர், மறுபடி மாத்திரை. கிருமி அதற்கு மசியவில்லை. கடைசி வாரத்தில் ஒவ்வொரு மூச்சையும் இரண்டு மூன்று இழுப்பாக இழுத்தார், வராத நூலை இழுப்பது போல.

இப்போது அந்தத் தறிக்குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டோம். எனக்குச் சளி பிடித்தால் விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. நெறி அகப்பட்டு வலித்தால் நிம்மதி. ஒன்றும் அகப்படாவிட்டால்தான் பயம். அப்போது அந்த சிமெண்ட் தரைமேல் நின்று, ஒரே இழுப்பில் வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன்.