கப்பல் பெயின்ட் பூசிய கருங்கோழி

ஐயா, அம்மணி, இதனை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். ராயபுரத்தில் ஏழு குடித்தனங்களுக்குப் பொதுவாயிருந்த ஒரு கொல்லையில், கோழிகளின் உரிமையை நிலைநாட்டும் பொருட்டு நான் செய்த அருஞ்செயலை இங்கே உள்ளபடி எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாதிருந்த காலம். துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை எனக்கு. கொல்லையில் எல்லா வீட்டுக் கோழிகளும் ஒன்றாகவே மேயும். பெண்டிர் தத்தம் கோழிகளை முகம் பார்த்தே அறிவர். இத்தகைய பாமர முறை, சுயமாய்ப் படித்து முன்னேறிய எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே, கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் சிவப்புப் பெயின்டைக் காலி டப்பாக்களின் அடியிலிருந்து வழித்து வந்து, எங்கள் கோழிகளின் வலது இறக்கையில் பட்டையாகத் தீட்டினேன். கடல் நீருக்கே கரையாத அடையாளம் அல்லவா!

என் அறிவை அண்டை வீட்டார் உடனே மெச்சினர். அவர்களும் என்னோடு அதே வேலை செய்தவர்கள். ஒரே வாரத்தில் கொல்லையின் சகல கோழிகளும், அதே டப்பாவின் அதே சிவப்பை, அதே வலது இறக்கையில் தரித்து உலவின.

அச்சமயம் எங்களிடமும் எதிர்வீட்டிலும் ஆளுக்கொரு கருங்கோழி இருந்தது. ஒன்றை நாய் கொண்டுபோயிற்று. எஞ்சியது எவருடையது? எங்கள் கோழிக்கு வலது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு உண்டு என்றாள் என் மனைவி. அதன்மேல்தான் நான் பெயின்ட் பூசியிருந்தேன்.

அவளுக்கோ அந்தக் கோழி இன்றியமையாதது. ஐந்து மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் பிரசவத்துக்கு வரவிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாறு காய்ச்சித் தர அப்போது கோழி வேண்டும். அதற்கென்றே ஒன்பது முட்டைகளைத் தவிட்டில் புதைத்துக் காத்திருந்தாள். அடைகாக்கும் வேட்கையில் கேறத் தொடங்கியிருந்தது இக்கருங்கோழி ஒன்றே. முட்டைகளோ நாளுக்கு நாள் பழசாகிக்கொண்டிருந்தன.

"என் கோயிய எனக்குத் தெரியாதா? இத்தினி நாளா நான் தானே தீனி போட்டேன்!" என்றாள் மனைவி.

"நீ மட்டுந்தான் போட்டியா? நாங்க இன்னா, பட்டினி போட்டா வளத்தோம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நான் இடைமறித்து, நடுநிலை தவறாத ஒரு தீர்ப்பை வழங்கினேன். பொழுது சாய்கையில் இரு வீட்டாரும் கோழிக்கூடையைத் தூக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். கோழி எந்தக் கூடைக்குள் நுழைகிறதோ அவ்வீட்டாருக்கே அது சொந்தம்.

பொழுது சாய்ந்தது. எதிர்வீட்டுக்காரி தன் கூடைக்குள் ஒரு கைப்பிடி இறால் தலையை இறைத்தாள். அதைத் தடுக்கும் விதி எதையும் நான் வகுக்கவில்லை. கருங்கோழி ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் அங்கே சென்றது.

"யோவ், உன்ன யாருயா பஞ்சாயத்துக்குக் கூப்ட்டது? சொம்மா இருந்தா கோயியாவது இருந்திருக்கும்" என்றாள் மனைவி. பிறகு தவிட்டுப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். "என் பொண்ணுக்கோசரம் வச்ச முட்டடி இது. வீணாப் பூடும்" என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

"அய்ய, இதுக்கா மூஞ்ச தூக்கினு நிக்கிற? என்னாண்ட நாலு முட்டதான் கீதுக்கா. உன்னோடதயும் வை" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சுகள் பொரித்தன. அவற்றை எவ்விதம் பங்கிட்டனர் என்பதை என்னிடம் தெரிவிக்க அவசியம் இருப்பதாக இருவருமே கருதவில்லை.

மகளுக்குச் சுகப்பிரசவமாயிற்று. எதிர்வீட்டுக்காரியே சாறு காய்ச்சிக் கொண்டுவந்தாள். இந்தக் கோழி எந்த வீட்டினது என்று வினவினேன்.

"இன்னா நைனா, இதுக்கும் ஒரு தீர்ப்பு வச்சிருக்கியா? தள்ளு, ஆறிடப் போவுது!" என்று என்னைக் கடந்து உள்ளே போனாள்.

தாங்கள் இக்குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.