பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த வால்

அம்சா தையல் டீச்சர். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் வழியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகப் பகுதிநேர ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பட்டனுக்குக் காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் சொல்லிக் கொடுப்பாள். அவள் பிறந்த வீடு திருமுக்கூடல் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தெட்டு மதிப்பெண் எடுத்தவள். அந்தப் பாடம் அதோடு தன்னை விட்டுப் போனது என்றுதான் நினைத்திருந்தாள்.

2024 செப்டம்பரில் அறிவியல் ஆசிரியை துர்கா பிரசவ விடுப்பில் வாலாஜாபாத்தில் இருந்த தாய் வீட்டுக்குப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் வரவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் தலைமையாசிரியை இளவரசி அம்சாவைக் கூப்பிட்டார்.

“பேப்பர்ல வால்மீன் வருதுன்னு போட்டுக்கினு இருக்கான். ஏழாங்கிளாஸ் பசங்க என் உயிரை எடுக்குதுங்க. ரெண்டு பீரியட் நீங்க எடுங்க அம்சா.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்களே மேடம்.”

“எனக்கு மட்டும் தெரியுமா? துர்கா பீரோவுல சார்ட் வாங்கி வெச்சிருக்குது. பாத்து சொல்லுங்க.”

அம்சா இரண்டு நாள் படித்தாள். துர்காவின் பீரோவில் இருந்த புத்தகத்தில், வால்மீன் என்பது பனியும் தூசும் சேர்ந்த கட்டி என்று இருந்தது. அது சூரியனை நீள்வட்டமாகச் சுற்றுகிறது; சூரியன் அந்த நீள்வட்டத்தின் நடுவில் இல்லை, ஒரு ஓரமாக இருக்கிறது. நடுவில் இல்லாத ஒன்றை எப்படிச் சுற்ற முடியும் என்பது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் வரைகிற முறை புரிந்தது. இரண்டு குண்டூசி குத்தி, ஒரு நூல் வளையத்தை இரண்டின் மேலும் போட்டு, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றினால் நீள்வட்டம் வந்துவிடுகிறது. துணி வெட்டும் மேசையில் சாக்பீஸ் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக வந்தது. கைக்குழியும் கழுத்து வெட்டும் வரைந்து பழகியவளுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

வகுப்பில் அதையேதான் செய்தாள். தினேஷ் என்கிற பையன் வீட்டில் தறி இருந்ததால் அறுந்த பட்டு நூல் ஒரு பிடி கொண்டுவந்திருந்தான். முப்பத்தொரு பிள்ளைகளும் அட்டையில் குண்டூசி குத்தி வரைந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தினேஷ் கையைத் தூக்கினான்.

“மிஸ், ஒரு குண்டூசிதான் சூரியன். இன்னொரு குண்டூசி என்னா?”

“அது ஒண்ணும் இல்லப்பா.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மிஸ் குண்டூசி குத்தணும்?”

அம்சா புத்தகத்தைப் புரட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தது. “அது இருந்தாதான் கோடு வரும். வரைஞ்சு முடி” என்றாள். அவன் கேட்டது சரியான கேள்வி என்று அவளுக்கே தோன்றியது.

அடுத்து சார்ட்டைப் பிரித்து ஆணியில் மாட்டினாள். கறுப்புப் பின்னணியில் மஞ்சளாகச் சூரியன். அதைச் சுற்றி ஒரே வால்மீனை ஐந்து இடங்களில் வரைந்திருந்தார்கள். இடப்பக்கம் சூரியனை நோக்கி வருகிற இரண்டுக்கும் வால் பின்னால் நீண்டிருந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் திரும்புகிற ஒன்றுக்கு வால் வெளிப்பக்கம். வலப்பக்கம் திரும்பிப் போகிற இரண்டைப் பார்த்ததும் அம்சா நின்றுவிட்டாள். அவை போகிற திசையிலேயே வாலும் நீண்டிருந்தது. தலை பின்னால், வால் முன்னால்.

அச்சுப் பிழை என்று முடிவு செய்தாள். ஓடுகிற எதற்காவது வால் முன்னால் இருக்குமா? அந்த இரண்டு வால்களின் மேலும் வெள்ளைத் தாளைக் கோந்து போட்டு ஒட்டி, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் பின்பக்கமாக வால் வரைந்தாள். “சார்ட்ல தப்பா போட்டிருக்கான். எல்லாரும் இப்படியே வரைஞ்சுக்கோங்க” என்றாள். முப்பத்தொரு நோட்டிலும் பச்சை வால் ஏறியது. துணிச்சலாக ஒரு தவறைத் திருத்திவிட்டோம் என்று அன்று முழுவதும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மழை விடுமுறை. வியாழக்கிழமை வானம் வெளுத்தது. அடுத்த திங்கட்கிழமை பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்தாள். வால்மீனின் பாதையை வரைந்து பாகம் குறிக்க வேண்டும். முப்பது பேர் அவள் சொன்னபடி வரைந்திருந்தார்கள். பிரவீனா என்கிற பெண் மட்டும் திரும்பிப் போகிற வால்மீனுக்கு வாலை முன்னால் வைத்திருந்தாள். அதிகம் பேசாத பெண். அம்சா ஆறு மதிப்பெண் போட்டு, ‘வால் பின்னால் வர வேண்டும்’ என்று சிவப்பு மையில் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கேட்டருகே பிரவீனாவின் அம்மா கிருஷ்ணவேணி நின்றிருந்தார். கையில் போன். அவர் பின்னால் ஒதுங்கி நின்றாள் பிரவீனா.

“மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. இது நேத்துலேர்ந்து ஒரே அழுகை. மார்க்குக்கு இல்லயாம். இந்தப் படத்தை நீங்க பாக்கணுமாம்.”

போனில் மூன்று படங்கள். மூன்றும் அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, மூன்று நாள் ஒரே நேரத்தில், பொழுது சாய்ந்த பிறகு, மேற்குப் பக்கம் எடுத்தவை. பக்கத்து வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. முதல் படத்தில் தொட்டிக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு புள்ளி, அதிலிருந்து மேல்நோக்கி ஒரு வெள்ளைக் கீற்று. அடுத்ததில் அது இன்னும் மேலே. மூன்றாவதில் அதற்கும் மேலே.

“மிஸ்” என்றாள் பிரவீனா மெதுவாக. “சூரியன் கீழ இறங்கிடுச்சு. இது தினமும் அத்த விட்டு மேல போய்க்கினே இருக்குது. வாலும் மேலதான் இருக்குது. அப்போ வால்தானே மிஸ் முன்னாடி போவுது?”

அம்சா படங்களை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னதில் எங்கே ஓட்டை என்று தேடினாள். கிடைக்கவில்லை.

“போன் கேமராவுல அப்படித்தாம்மா தெரியும். மேகம் வேற” என்றாள்.

“சரிங்க மிஸ்” என்றாள் பிரவீனா. அந்தச் சரி அம்சாவைக் குத்தியது. தான் சொன்னதை அந்தப் பெண் நம்பவில்லை, ஆனால் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். கோதண்டபாணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். “அதுக்கு ஏன் மண்டையைப் பிச்சுக்கினு இருக்கே? நேராப் போயி பாத்துட்டா போச்சு” என்று ஆட்டோவை எடுத்தான். பாலாற்றங்கரையில் பாலத்தருகே நிறுத்தினான். ஆற்றில் அந்த மழைக்கு ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடியது. மேற்கே வெள்ளிக் கிரகம் பளிச்சென்று இருந்தது. அதற்கு வலப்பக்கம் மேலே பார்க்கச் சொல்லியிருந்தாள் பிரவீனா. முதலில் ஒன்றும் தெரியவில்லை. போனைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் வைத்து எடுத்துப் பார்த்ததும் கீற்று தெரிந்தது. பிறகு வெறும் கண்ணுக்கும் தெரிந்தது போல இருந்தது. தெரிந்ததா, தெரிவதாக நினைத்துக்கொண்டாளா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“தெரியுதா?” என்றாள்.

“ஏதோ புகை மாதிரி இருக்குது. தல கீழதான் இருக்குது” என்றான் கோதண்டபாணி.

வியாழக்கிழமை மறுபடியும் போனார்கள். புள்ளி இன்னும் மங்கியிருந்தது. இன்னும் மேலே ஏறியிருந்தது. வால் மேல்நோக்கியே இருந்தது.

அன்று துர்காவுக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“சார்ட் கரெக்டுதான்கா. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும். போற திசைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“ஏன்மா அப்படி?”

“சூரியன்லேர்ந்து ஒரு காத்து அடிக்குது. சூரியக் காற்றும்பாங்க. அது தள்ளுது. வெளிச்சமும் தள்ளும்.”

“அங்கதான் காத்தே இல்லன்னு புக்ல போட்டிருக்குதே.”

“இது அந்தக் காத்து இல்லக்கா. பேருதான் காத்து.”

“வெளிச்சம் எப்படிம்மா தள்ளும்? என் மேலயும்தான் வெயில் அடிக்குது.”

துர்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை வீறிட்டது. “அப்புறம் பேசறேன்கா” என்று வைத்துவிட்டாள். காற்று இல்லாத இடத்தில் காற்று, தள்ளுகிற வெளிச்சம். கேட்பதற்கு முன்பிருந்ததைவிட இப்போது குழப்பம் அதிகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகச் சார்ட்டில் ஒட்டிய தாளைப் பிய்த்தாள். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது. தாளோடு அச்சிட்ட வாலும் உரிந்து வந்துவிட்டது. வால் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைத் திட்டு. தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

“விடுங்க அம்சா. இந்த டெஸ்ட் எங்கயும் ஏறப் போறது இல்ல. துர்கா வந்து சொல்லிக்கட்டும். இப்ப போயி தப்புன்னு சொன்னா நாளைக்கு நீங்க காஜா எடுக்கச் சொன்னாகூட பசங்க சந்தேகமாப் பாக்கும்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அம்சா வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றாள். சொன்னால் மரியாதை போகும். சொல்லாவிட்டால் முப்பது பேர் தப்பைப் படித்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போவார்கள். சரியாக எழுதிய ஒருத்தி தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு போவாள். எந்தப் பக்கமும் முடிவாகவில்லை. மணி அடித்தது. திரும்பிப் போய்த் தலைமையாசிரியையிடமே, “உங்க டேபிள் ஃபேனைக் கொஞ்சம் குடுங்க மேடம், ஒரு பீரியட்” என்று கேட்டாள்.

முந்தின இரவு ஜாக்கெட் தைக்கும்போது பார்த்தது நினைவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. துணியை எந்தப் பக்கம் இழுத்தாலும் அதில் தொங்கிய நூல் நுனி விசிறிக்கு எதிர்ப்பக்கமே பறந்தது.

வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி நடுவில் விசிறியை வைத்தாள். பிரவீனாவிடம் ரிப்பன் கேட்டாள். அவள் ஒரு பக்கச் சடையிலிருந்து உருவிக் கொடுத்தாள். அதை ஒரு குச்சி நுனியில் கட்டி தினேஷிடம் கொடுத்தாள். இன்னொரு பையன் விசிறியைத் தினேஷ் பக்கமே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

“விசிறிதான் சூரியன். குச்சியை முகத்துக்கு நேரா புடிச்சுக்கினு நட. கிட்ட வா, சுத்து, அப்புறம் தள்ளிப் போ.”

தினேஷ் விசிறியை நோக்கி வந்தான். ரிப்பன் அவன் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சுற்றித் திரும்பி, குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விசிறிக்கு முதுகைக் காட்டி நடந்தபோது ரிப்பன் அவனுக்கு முன்னால் நீண்டு பறந்தது. அவன் அதன் பின்னால் போனான். சிரிப்பு நின்றது.

“நான் சொன்னது தப்பு” என்றாள் அம்சா. “சார்ட்ல இருந்ததுதான் சரி. பிரவீனா வரைஞ்சதுதான் சரி. பச்சை வாலை எல்லாரும் அடிச்சிடுங்க.”

“மறுபடியும் மாத்திச் சொல்ல மாட்டீங்களே மிஸ்?” என்றான் தினேஷ். கிண்டலாகக் கேட்கவில்லை, அடிப்பதற்கு முன் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“வால் பக்கம் மாறாது. ஏன் அப்படி இருக்குதுன்னு கேட்டா எனக்குப் பாதிதான் தெரியும். அங்க ஃபேன் கிடையாது, இந்த மாதிரி காத்தும் கிடையாது. அதனால இதையும் அப்படியே நம்பிடாதீங்க.”

பிரவீனாவின் தாளில் ஆறை அடித்துப் பத்து போட்டாள். மற்றவர்கள் அவள் சொன்னதைத்தான் எழுதினார்கள். அவர்களுக்குக் குறைப்பது நியாயமில்லை என்று அவர்கள் மதிப்பெண்ணைத் தொடவில்லை. பிரவீனா தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“எல்லாருக்கும் அதே மார்க்னா, நான் வானத்தைப் பாத்து எழுதினதுக்கு என்ன மிஸ்?”

அம்சா, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்தும் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, “எனக்கு உன்னாலதான் தெரிஞ்சுது. அது மார்க்குல வராதும்மா” என்று சொல்லிப் பார்த்தாள். பிரவீனா தலையாட்டினாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்ததா என்று அம்சாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தலைமையாசிரியை பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. தையல் வகுப்பில் மட்டும் சில பிள்ளைகள் “ஏன் மிஸ் இந்தப் பக்கம் மடிக்கணும்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலதுக்கு அம்சாவிடம் காரணம் இருந்தது. சிலதைத் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் செய்தபடியே இத்தனை வருடம் செய்துவந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோடை விடுமுறைக்குச் சில வாரம் முன்பு துர்கா வேலைக்குத் திரும்பினாள். வால்மீன் பாடத்தை மறுபடி ஒரு பீரியட் எடுப்பதாகச் சொன்னதும், அம்சா தனக்கு அன்று வேலை நாள் இல்லாவிட்டாலும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடம் போதாமல் பிரவீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துர்கா தயக்கமில்லாமல் பேசினாள். வால்மீனுக்கு உண்மையில் இரண்டு வால் என்றாள். ஒன்று வாயு, அது நேராக நிற்கும். இன்னொன்று தூசு, அது கொஞ்சம் வளைந்து பின்தங்கும். பலகையில் இரண்டையும் வரைந்தாள்.

அம்சா குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வாலுக்கே அவ்வளவு பாடு பட்டவள், இரண்டாவதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலை நிறுத்தினாள்.

“புரியுதா மிஸ்?” என்று பிரவீனா காதோடு கேட்டாள்.

“நேரா நிக்கிறது புரியுது. வளையறதுதான்…”

“எனக்கும்” என்றாள் பிரவீனா. பிறகு இருவருக்குமாகச் சேர்த்துக் கையைத் தூக்கினாள்.