மட்டாஞ்சேரி ரோசிலியின் டிரம்ஸ்

"சாமி, ரோசிலி போயி."

காலை ஏழரை மணிக்குத் தொலைபேசியில் சேவியர் இப்படித்தான் தொடங்கினான். கோவையில் என் வீட்டில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். ரோசிலி எப்போதும் எங்காவது கிளம்பிக்கொண்டே இருந்தவர் என்பதால் அப்படித்தான் கேட்கத் தோன்றியது. "மரிச்சுப் போச்சுடா. விடிய வெளுப்பிலே. உறங்கிட்டிருக்கும்போதே" என்றான். பால் பொங்கி வழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர் ரோசிலி சேச்சியை மேடையில் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் பிறந்து, எண்பதுகளின் நடுவில் விடைபெற்ற 'நெட்ஸ்' என்ற கிறிஸ்தவ ராக் குழுவில் அவர் டிரம்ஸ் வாசித்தார். பாதிப் பாட்டுகளுக்கு வரிகளும் அவர் எழுதியவை. என் பள்ளித் தோழன் சேவியர் பாடினான், கிட்டார் வாசித்தான். பகலில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பாபு பேஸ் கிட்டார். போர்ட் கொச்சியின் சீன வலைகளைப் பார்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். நான் ஆர்கன் வாசித்தேன். நால்வரில் கிறிஸ்தவன் அல்லாதவன் நான் ஒருவன்தான். என் அப்பா ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பவர். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்ப் பிராமணக் குடும்பம். ஊர் என்னைச் 'சாமி' என்றே கூப்பிட்டது. ரோசிலியின் அம்மா தூத்துக்குடிக்காரர். அதனால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார், பாதி மலையாளம் கலந்த தமிழ்.

ஒத்திகைக்கு எங்களுக்குக் கிடைத்த இடம் காலியாகிப்போன ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. 'டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை' என்று சேவியர் ஒரு தாளில் எழுதிப் பள்ளியின் கதவருகே ஒட்டினான். எங்கள் பக்கம் மாதா கோயிலையும் பள்ளி என்றுதான் சொல்வோம். மூன்று பேர் வந்தார்கள், மூவருக்கும் தாளம் நிற்கவில்லை. நான்காம் நாள் மாலை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை முடிந்த கையோடு, நீலச் சேலையில் ரோசிலி வந்து நின்றார்.

"சேட்டனுக்காகக் கேட்க வந்தீங்களா?" என்றான் சேவியர்.

"எனக்குச் சேட்டன் இல்ல. நான்தான் வாசிக்கப் போறேன்."

"பெண் பிள்ளையா?"

"டிரம்கிட்ட கேளு. அதுக்கு அறியாம், நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் அடியிலேயே உத்தரத்தில் படிந்திருந்த சுக்குத் தூள் முழுவதும் எங்கள் தலையில் கொட்டியது. மூவரும் தும்மித் தீர்த்தோம். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "தும்மி முடிஞ்சா பாட்டு தொடங்கலாம்" என்றார். அன்று முதல் குழு அவருடையது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

முதல் மேடை அவருடைய இடவகையின், அதாவது பங்குக் கோயிலின், திருநாளில் என்று முடிவாயிற்று. பெண் ஒருத்தி மேடையில் உட்கார்ந்து டிரம்ஸ் அடிப்பது முறையல்ல, வேண்டுமானால் நின்று பாடட்டும் என்று திருநாள் கமிட்டி சொல்லி அனுப்பியது. ரோசிலி கமிட்டி கூடியிருந்த அறைக்கே போனார். நாங்கள் மூவரும் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றோம். அவருடைய அப்பா அந்தத் திருநாள் ஊர்வலத்தில் முப்பது வருஷம் பேண்டு மேளம் அடித்தவர்.

"அப்பனுக்கு ஒரு வருஷம் பனி வந்து படுத்தது ஓர்மையுண்டா?" என்று ரோசிலி கேட்டார். பனி என்றால் காய்ச்சல். "அன்னிக்கு ஊர்வலத்திலே மேளம் யாரு அடிச்சா? அப்பன் சட்டையைப் போட்டுட்டு நான்தான் அடிச்சேன். உங்க யாருக்கும் தெரியல. ரதத்திலே சொரூபமா நின்ன புண்ணியாளனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு ரதத்திலிருந்து இறங்கி ஓடினாரா?"

ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு கமிட்டியின் தீர்மானம் கலைந்தது. திருநாளன்று முன்வரிசையில் பாதிப்பேர் முதல் பாட்டிலேயே எழுந்து போனார்கள். மூன்றாவது பாட்டில், போனவர்கள் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து நான் பார்த்தேன். "போனவங்க எல்லாம் போகல, சாமி" என்று ரோசிலி என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார்.

அதன் பிறகு பத்து வருஷம் நாங்கள் ஓடினோம். கொல்லம், கோட்டயம், ஆலப்புழை, தெற்கே கடற்கரைக் கோயில்கள். பாபுவின் தயவில் டிரம்ஸ் பெட்டிகள் படகில் ஏறிக் காயலைக் கடந்து எறணாகுளம் போகும். பெரிய டிரம்மை ரோசிலி யாரிடமும் தரமாட்டார், இடுப்பில் அணைத்துக்கொண்டு நிற்பார்.

தெற்கே ஒரு பெரிய நற்செய்திக் கூட்டத்தில் நடந்ததை நான் இதுவரை எழுதியதில்லை. அதுவரை நாங்கள் கண்ட மேடைகளிலேயே மிகப் பெரியது அது. வாசிக்க அரைமணி இருக்கும்போது, அமைப்பாளர் ஒருவர் என் நெற்றியைப் பார்த்தார். திருநீறு அழிந்துபோய்க் கோடு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தனியே அழைத்து, மேடை ஏறியதும் நான் மனம் மாறியவன் என்று இரண்டு வாக்கியம் சாட்சி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குழு ஏற முடியாது என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். பயம்தான். என்னால் மேடை போய்விடக் கூடாது என்ற பயம். என்ன சொல்லுவது என்று மனசுக்குள் வாக்கியம்கூடக் கூட்டத் தொடங்கியிருந்தேன்.

ரோசிலிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நீ அப்படி விசுவாசிக்கிறியா?" என்று கேட்டார்.

"இல்லை சேச்சி."

"பின்னே எதுக்குச் சொல்லணும்?"

"ரெண்டு வாக்கியம்தானே."

அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "கள்ளம் சொல்லி ஆண்டவரைப் புகழ வேண்டாம். அவருக்கு அதோட ஆவசியம் இல்ல" என்றார். அமைப்பாளரிடம் போய், நாங்கள் திரும்பிப் போகிறோம் என்று அமைதியாகச் சொன்னார். பெட்டிகளைக் கட்டினோம். அடுத்த ஒரு வருஷம் தெற்கிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அதைப் பற்றி ரயிலிலோ பிறகோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு ஏத்தக்காய் வறுத்ததை, அந்த நேந்திரம் சிப்ஸை, நீட்டினார், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். நான் மெட்டமைத்த 'கரை தெரியுது' என்ற தமிழ்ப் பாட்டை, "இது பஜனை மாதிரி இழுக்குது" என்று தள்ளி வைத்தார். இரண்டு வருஷம் அது கிடந்தது. ஆலப்புழையில் ஒருநாள் சேவியருக்குத் தொண்டை கட்டி, உச்சத்தில் பாட முடியாமல் போனபோது, வேறு வழியில்லாமல் அதை எடுத்தோம். சனம் மூன்று முறை கேட்டது. மூன்றாம் முறை தொடங்கும் முன் ரோசிலி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இந்தப் பாட்டை நான் ரெண்டு வருஷம் பூட்டி வச்சிருந்தேன். தப்பு என்னோடது. பாட்டு சாமியோடது." அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. கூசியது நான்தான்.

ஒலிநாடாக்கள் பரவத் தொடங்கிய காலத்தில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பாட்டுகளைப் பதிவு செய்வதாகச் சொன்னார். அட்டையில் ரோசிலியின் படம் இருக்கும், ஆனால் ஸ்டுடியோவில் டிரம்ஸை அவர்களுடைய ஆள் வாசிப்பார். சேவியர் சம்மதிக்க வேண்டும் என்றான். ரோசிலி, "என் முகத்துக்கு வேற ஒருத்தன் கையா?" என்று கேட்டு எழுந்துவிட்டார். அன்று இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம். சேவியர் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினான். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசிலி படகேறித் தேவராவில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உன் கோபத்துக்கு இன்னும் எத்தனை நாள் வேணும்? சொல்லு. அது கழிஞ்சு வரேன்."

சேவியர் வீம்புக்கு, "ஒரு ஆழ்ச்ச" என்றான். ஒரு வாரம்.

சரியாக ஏழாம் நாள் அதே நேரத்துக்குப் போய் நின்றார். அவன் கிட்டாரோடு வெளியே வந்தான். சுக்குக் கிடங்கின் மாடியிலேயே, இரவல் வாங்கிய ரிக்கார்டரில் எட்டுப் பாட்டுகளைப் பதிந்தோம். மூன்றாவது பாட்டின் நடுவே துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. மீண்டும் எடுக்கலாம் என்று பாபு சொன்னபோது, "கிடக்கட்டும். கொச்சியிலே பாடினா கப்பலும் பாடும்" என்றார்.

முடிவும் அவர் சொன்னதுதான். சேவியருக்குக் கல்ஃபில் வேலை கிடைத்தது. நான் வேலை பார்த்த அலுவலகம் என்னைக் கோவைக்கு மாற்றியது. ஆள் சேர்த்துத் தொடரலாம் என்று பாபு ஆசைப்பட்டான். "வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் ஒழிஞ்சு போகாம, நாள் குறிச்சு, எல்லாரையும் விளிச்சு, நல்லா வாசிச்சு நிறுத்துவோம்" என்றார் ரோசிலி. போர்ட் கொச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அந்த விடைபெறும் கச்சேரி நடந்தது. வைப்பின் தீவிலிருந்து படகு படகாகச் சனம் வந்தது. கடைசிப் பாட்டின் பாதியில் டிரம்ஸ் நின்றது. எதுவோ கழன்றுவிட்டது என்று பதறித் திரும்பினேன். குச்சிகள் மடியில் கிடந்தன. ரோசிலி கண்ணை மூடி, மைதானம் முழுவதும் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் ஒவ்வொருவராக நிறுத்தினோம். பாட்டு எங்கள் நால்வரும் இல்லாமல் கடைசி வரி வரை போய்ச் சேர்ந்தது. அவர் எழுந்து கைகூப்பினார்.

அதன் பின் அவர் எக்ஸ்சேஞ்ச் வேலையில் இருந்தே ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அனுதாபத்தோடு விசாரித்தவர்களிடம், "எனக்கு நேரம் தெகஞ்சில்ல" என்று சிரிப்பார். நேரம் போதவில்லையாம். உண்மையும் அதுதான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பூசையில் கீபோர்டு வாசிக்க வேண்டும் என்று சேவியர் கேட்டான். ரோசிலியின் சவப்பெட்டி பீடத்தின் அருகே இருந்தது, கோயில் நிறைந்திருந்தது. 'கரை தெரியுது' பாட்டின் இரண்டாவது அடியில், நான் என் வாழ்நாளில் தவற விட்டிராத ஓர் இடத்தில், விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அந்த நொடியில் வேறு யாராக இருந்தாலும் கையை இழுத்திருப்பார்கள். ஒத்திகைகளில் நான் தவறி, பயந்து சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் ரோசிலி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கத்துவார்: "தெற்றினா உரக்கத் தெற்று, சாமி! முணங்காதே!" தவறினால் சத்தமாகத் தவறு என்பது அதன் பொருள். நான் கையை எடுக்கவில்லை. அந்தத் தப்பான சுரத்தை முழுசாக அழுத்தி நிறுத்தி, அங்கிருந்து மேலே ஏறி, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். முன்வரிசையில் சேவியர், கண்ணீரோடு, சத்தமாகவே சிரித்துவிட்டான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். தவறிய இடத்திலும் பின்வாங்காத ஒரு கை. அதை அவர் எனக்குத் தந்தார், இப்போதும் என்னிடம் இருக்கிறது.