ஜோடி அம்மா

சீப்பை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு தலைகளையும் ஒரே நேரத்தில் கவனிப்பார். பெஞ்சின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. பெரியவளுக்குப் பின்னிக்கொண்டே சின்னவளைப் பார்த்து, "ஆடாத, தலைய நேரா வை" என்று சீப்பு இடறும் வாயால் அதட்டுவார். வலது மணிக்கட்டில் எப்போதும் இரண்டு ரப்பர் பேண்டுகள். நீலம் பெரியவளுக்கு, மஞ்சள் சின்னவளுக்கு. அவர் எடுக்கும் வகிடு நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு இழை கோணாது. காலை ஏழரை மணிக்கு ஆட்டக்காரர்கள் நுழையும் கதவுக்குள்ளே, என் மேசைக்கு எதிரில், எங்கள் அறைக் கண்ணாடிக்கு வெளியே இது நடக்கும்.

நான் பதிவு மேசைக்காரி. பெரிய டென்னிஸ் போட்டியில் ஜூனியர் பெண்கள் பிரிவில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் யாரோடு இரட்டையர் ஆடுகிறார்கள் என்று தாளில் கையெழுத்து வாங்குவது என் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. பேனாவை நூலால் மேசைக்காலோடு கட்டி வைத்திருக்கிறேன். உலகம் சுற்றும் கோச்சுகளைப்போலப் பேனா திருடுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் அறையில் அவருக்கு ஜோடி அம்மா என்று பெயர். எதையும் இரண்டாகத்தான் எடுத்து வருவார். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம், இரண்டு துண்டு, மாற்றிக்கொள்ள இரண்டு செட் காலுறை. பெரியவள் அவர் பெற்ற மகள். சின்னவள் லாரி ஓட்டும் ஒருவரின் மகள். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருப்பதால் இவளோடு ஊர் ஊராகப் போக அங்கே ஆளில்லை. ஒன்பது வயதில் ஒரே மைதானத்தில் சேர்ந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து ஒரே ஜோடி. மூன்று மாதம் இளையவள் என்பதால் அவள் சின்னவள். "எனக்கு ரெண்டு பொண்ணுக்கா. ஒண்ணு பெத்தது, ஒண்ணு வந்தது" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். சின்னவள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் முன்பு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். போட்டி போட்டியாக லீவு கேட்டு, கடைசியில் வேலையையே விட்டவர். டீச்சர் உத்தியோகத்தில் மிச்சம் இருப்பது ஒரு ஸ்டீல் ஸ்கேல். தரவரிசைப் பட்டியலை அதை வைத்துத்தான் வரிவரியாகப் படிப்பார். எழுத்துப் பிழை வந்தால் அதை வைத்துத்தான் அடிப்பார். "கோடு போடாம கிறுக்கி அடிச்சா நான் மார்க்கே போட மாட்டேன், தெரியுமாக்கா?" என்பார். என் தாள்களிலேயே சுத்தமான தாள் அவர் கை பட்டதுதான்.

ஆட்ட நாள் ஒவ்வொன்றிலும் காப்பாளர் தாளில் கையெழுத்து வேண்டும். அதில் உறவு என்று ஒரு கட்டம் உண்டு. மகளுக்கு நேராக அம்மா என்றும் சின்னவளுக்கு நேராகப் பெரியம்மா என்றும் எழுதுவார். லாரிக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கும். என் மகள் சார்பில் எல்லாக் கையெழுத்தும் இவரே போடலாம் என்று அதில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் தடவை வந்தபோது, "சொந்தமா?" என்று கேட்டேன். "சொந்தம்னா என்னக்கா, பொறந்துதான் வரணுமா? எழுதிக்கிட்டா சொந்தந்தான்" என்று சொல்லிவிட்டு மையை ஊதிக் காய வைத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இரட்டையருக்கு எங்கள் விதி எளிது. ஜோடியில் இருக்கும் இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவோம். கூட்டுத்தொகை குறைவாக உள்ள முப்பத்திரண்டு ஜோடிகளுக்கு இடம். குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குள் யாராவது ஒருவர் வந்து இரண்டு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஐந்து அடிக்கும்வரை, எழுதியதை அடித்துவிட்டு வேறு ஜோடி எழுதலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரியை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் என் மேசையைச் சுற்றி நடக்கும் பேரத்தைப் பார்த்தால் கல்யாணத் தரகர்கள் வெட்கப்பட்டுப் போவார்கள். பதினாறு வயதுப் பெண்கள் சுவரோரம் நின்று, தங்களை யார் வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முந்தைய மூன்று வருடமும் ஜோடி அம்மாவின் ஜோடி ஓரிரு இடத்தில்தான் வாய்ப்பை இழந்தது. இது கடைசி வருடம். பதினெட்டு முடிந்தால் ஜூனியரில் ஆட முடியாது. ஒற்றையர் தகுதிச் சுற்றில் இருவருமே தோற்றாயிற்று. பெரிய போட்டியின் பிரதான சுற்றில் தன் மகள் ஒரே ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பதற்காக வேலையை விட்டவருக்கு மிச்சமிருந்தது இரட்டையர் தாளில் ஒரு வரிதான். அதிலும் சின்னவள் மணிக்கட்டு வலியால் மூன்று மாதம் ஆடாமல் தரவரிசையில் நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியிருந்தாள். பெரியவள் எழுபத்தொன்று. கூட்டினால் நூற்று எண்பத்தொன்பது.

வியாழக்கிழமை காலையிலேயே இரண்டு பெயரையும் எழுதிவிட்டார். மாலை நாலரைக்குத் திரும்பி வந்து, ஸ்கேலை வைத்துத் தாளை மேலிருந்து கீழே எண்ணினார். கூட்டுத்தொகைப்படி இருபத்தெட்டாவது. கடைசி அரைமணியில் இன்னும் பத்து ஜோடியாவது வந்து குவியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதுதான் வெள்ளைத் தொப்பி போட்ட கோச் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பெண் தரவரிசையில் பதினாலு. "எங்க பொண்ணுக்கு ஆள் இல்ல மேடம். உங்க பொண்ணு கூட ஆடட்டுமே. நீங்களே எழுதிடுங்க" என்றார்.

அதே தொப்பிக்காரர் கால் மணி நேரம் முன்னால் வராந்தாவில் ஒன்பதாம் இடத்துப் பெண்ணின் அப்பாவோடு குசுகுசுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திறக்கவில்லை. விதியை அவ்வளவு ஒழுங்காக மதித்ததற்காக இன்றுவரை என்மேல் எனக்கு எரிச்சல்தான்.

ஜோடி அம்மா பிளாஸ்டிக் உறையில் இருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். அடிக்க அது தேவையே இல்லை. டீச்சர் அல்லவா, அத்தாட்சி இல்லாமல் அவருக்கு எதுவும் ஓடாது. சின்னவள் பெயர்மேல் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் பதினாலாம் இடத்துப் பெண்ணின் பெயரை எழுதினார். மணி நாலு நாற்பது. "வேற வழி இல்லக்கா. சின்னவ புரிஞ்சுக்குவா. அவ நம்ம பொண்ணு" என்று சொல்லிவிட்டு மகளைத் தேடிப் பயிற்சி மைதானத்துக்கு ஓடினார்.

இரண்டு நிமிஷத்தில் சின்னவள் வந்தாள். கையில் இரண்டு பேருக்குமான ஐஸ் பை. தாளைப் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் யார் போட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படிக் கோடு போட உலகத்தில் வேறு யாரும் கிடையாது. வெளியே போய், தினமும் தலை பின்னிக்கொள்ளும் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐஸ் உருகி அவள் ஷூமேல் சொட்டியது.

நாலு ஐம்பதுக்கு வேறொரு நாட்டுக் கோச் அம்மாள் மூச்சிரைக்க வந்தார். அவருடைய நெட்டைப் பெண்ணின் ஜோடிக்குத் திடீர்க் காய்ச்சல். "யாராவது சும்மா இருக்காங்களா?" என்று கேட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெஞ்சைக் கை காட்டினேன். அதுவும் விதிக்கு விரோதம்தான்.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு வெள்ளைத் தொப்பிக்காரர் சாவகாசமாக வந்து, ஜோடி அம்மா எழுதிய வரியின்மேல் பாம்புபோல ஒரு கிறுக்கல் கிறுக்கி, தன் பெண்ணை ஒன்பதாம் இடத்துப் பெண்ணோடு எழுதிவிட்டுப் போனார். ஸ்கேல் எதுவும் அவர் கேட்கவில்லை.

நாலு ஐம்பத்தெட்டுக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் முகத்தில் அதற்குள்ளேயே இரத்தமில்லை. வழியில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கிறுக்கலைப் பார்த்ததும் ஜோடி அம்மா வெளியே பாய்ந்து பெஞ்சில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாடி சின்னவளே, எந்திரி. மறுபடி எழுதிடலாம். ரெண்டு நிமிஷம் இருக்கு."

சின்னவள் எழுந்திருக்கவில்லை. "எழுதிட்டேன், ஆன்ட்டி" என்றாள்.

பெரியம்மா ஆன்ட்டி ஆகிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அது அறைந்தது. ஜோடி அம்மா அவள் கையை விட்டுவிட்டு, இல்லாத ஒரு தூசியைத் தன் புடவையில் தட்டினார். பின்னால் நின்ற மகள்தான் பேசினாள். "என்னக் கேட்டியாம்மா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இடம் கெடைக்கலன்னாலும் அவளோடயே நிக்கிறேன்னு."

மணி அடித்தது. தாளை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் இன்னொன்று இருக்கிறது. அந்த வருடம் கடைசி அரைமணியில் கூட்டம் வரவில்லை. பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை, மீதிப் பேர் ஒற்றையரே போதும் என்று விட்டுவிட்டார்கள். இடம் கிடைத்த கடைசி ஜோடியின் கூட்டுத்தொகை இருநூற்று நாலு. பட்டியலைச் சுவரில் நான்தான் ஒட்டினேன். ஜோடி அம்மா அதன் முன்னால் ஸ்கேலோடு நெடுநேரம் நின்றார். நூற்று எண்பத்தொன்பதை எங்கே செருக வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

மறுநாள், கடைசி நேரத்தில் ஜோடியால் கைவிடப்பட்ட இன்னொரு பெண்ணைப் பிடித்து மகளோடு சேர்த்து, காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாக எழுதினார். முதல் சுற்று முடிவதற்குள் யாராவது விலகினால் அதில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு. இரண்டு நாளும் காலையில் மேசைமேல் குனிந்து, "யாருக்காவது கால் கீல் சுளுக்கிச்சாக்கா?" என்று கேட்டார். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கால் உடையட்டும் என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த நல்ல மனுஷி வந்து சேர்ந்திருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நான் என்னக்கா தப்புப் பண்ணிட்டேன்? பெத்தவ வேற என்ன பண்ணுவா?" என்றார் இரண்டாம் நாள். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் இல்லை. தாள்களை அடுக்கினேன்.

சின்னவள் ஜெயித்துக்கொண்டே போனாள். மூன்று பேரும் தங்கியிருந்தது ஒரே அறையில். காப்பாளர் இல்லாமல் அவள் ஆட முடியாது என்பதால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடி அம்மா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார வேண்டும். சின்னவள் ஒரு பாயிண்ட் எடுத்தால் அவர் கை தானாகத் தட்டப் போகும். பிறகு பக்கத்தில் மகள் இருக்கும் நினைவு வந்து மடியில் இறங்கிவிடும். மகளோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பாள்.

இறுதி ஆட்டத்தன்று காலை ஏழரைக்கு அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாயில் சீப்பு, மணிக்கட்டில் நீலமும் மஞ்சளும். பையில் இரண்டு பாட்டில் தெரிந்தது. சின்னவள் அந்த நெட்டைப் பெண்ணோடு வந்தாள். தலையை நெட்டைப் பெண் பின்னிவிட்டிருந்தாள். வகிடு வடக்கும் தெற்குமாகப் போயிருந்தது.

"வகிடு கோணலா இருக்கு பாரு. உக்காரு, ஒரு நிமிஷம்" என்றார் ஜோடி அம்மா, சீப்பைக் கையில் எடுத்து.

"இருக்கட்டும் ஆன்ட்டி. லேட் ஆச்சு." மரியாதையாகத்தான் சொன்னாள். அவரைத் தாண்டி மைதானத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜோடி அம்மா என் மேசைக்கு வந்தார். காப்பாளர் தாளை நகர்த்தினேன். நூல் கட்டிய பேனாவை எடுத்துச் சின்னவள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற கட்டத்தில், கை பழக்கத்தில், பெரியம்மா என்று எழுதினார். மையை ஊதக் குனிந்தவர், ஊதாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையைத் திறந்து ஸ்கேலை எடுத்து, அந்தச் சொல்லின்மேல் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு கோடு போட்டார்.