இத்தனூண்டு காயத்தில் கணையம் எப்படி வரும்?

கட்டி வந்ததால் என் கணையத்தை முழுசாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வயிற்றைப் பார்த்தேன். பொத்தான் அளவில் ஐந்து காயம், தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் நீளத் தையல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்குக் குடல் ஆபரேஷன் செய்தபோது ஒரு சாண் கிழித்திருந்தார்கள்.

கணையம் இல்லாததால் இன்சுலின் போட வந்த நர்ஸின் கையைத் தட்டிவிட்டேன். "எடுக்கவே இல்ல, அப்புறம் ஊசி இன்னாத்துக்கு? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதுக்காக ஏமாந்துடுவேனா?"

"அத்தை, ஊசி போடலன்னா உயிருக்கே ஆபத்தாம்!" மருமகள் அழுதேவிட்டாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் வீடியோவைக் காட்டினார். "இதாம்மா உங்க வயித்துக்குள்ள."

"என் வயிறுதான்னு எப்படி நம்புறது?"

"உங்க பேரு மேலயே கீது பாருங்க" என்று என்னைப் போலவே பேசிச் சிரித்தார்.

நான் கையெழுத்துப் போடும் அதே எழுத்துகள். என் பெயர்தான். மஞ்சளும் சிவப்புமாக மினுங்கிய இடத்தில், பொத்தான் அளவு ஓட்டைகள் வழியாக நுழைந்த மெல்லிய கம்பிகள் கணையத்தை ஒரு பைக்குள் தள்ளி, பையின் வாயைச் சுருக்கி, இப்போது தையல் இருக்கும் இடம் வழியாக வெளியே இழுத்தன.

"இன்னொருவாட்டி போடு டாக்டர்."

மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு, நானே நர்ஸிடம் கையை நீட்டினேன்.

இப்போது தினமும் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். போடும்போதெல்லாம் அந்த வீடியோ ஞாபகம் வரும். இத்தனை வருஷம் எனக்குள் சத்தமில்லாமல் உழைத்ததை, அது என்னை விட்டுப் போகும்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.